இயல்பாக நிற்க மூன்று மாதம்

"கையைக் கீழ இறக்குடின்னா!"

"இறக்கிட்டுத்தான் இருக்கேன். அதுவா மேல வருது!"

"ஆவி மாதிரி ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நின்னா எவன்டி கட்டிப்பான்?"

"நிக்கலைம்மா, மிதக்குறேன். நீயும்தான் மிதக்குறே. பொறந்ததுலேருந்து இங்க யாரு நின்னிருக்கா?"

கோமளவல்லியும் மகள் நப்பின்னையும் போட்ட இந்தச் சத்தம், பூமியைச் சுற்றிவரும் வான்குடியிருப்பின் ஒன்பதாம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. பக்கத்து அறை பத்மாசனி காற்றுத்துளையில் காதை ஒட்டிக்கொண்டிருந்தாள். கேட்டால், தூசி தட்டினாளாம்.

எடையே இல்லாத அந்த ஊரில் உடம்பைத் தளரவிட்டால் கைகள் நெஞ்சுயரத்துக்கு எழும்பும், கூந்தல் நாலாபக்கமும் விரியும். அவர்களுக்கு அதுதான் இயல்பு. ஆனால் வரன் பூவரசன் பூமியில், பல்லாவரத்தில் இருந்தான். பொய்ப்படங்களால் பல கல்யாணங்கள் நின்றுபோன பிறகு வந்த சட்டப்படி, இரு வீட்டாரும் ஒரே ஒரு அசையாப் படம்தான் மாற்றிக்கொள்ளலாம். அதிலும் 'இயல்புமானி' முத்திரை வேண்டும். படம் யார் கைக்குப் போகிறதோ அவர்கள் கண்ணுக்கு எது இயல்போ, அதையே இயல்பென்று மதிப்பிடும் இயந்திரம் அது. நூற்றுக்கு அறுபது எடுத்தாக வேண்டும். மூன்றே வாய்ப்பு. நப்பின்னை முதலில் முப்பத்தொன்று, அடுத்து முப்பத்தெட்டு. இன்று கடைசி. தவறினால் வரன் பத்மாசனி மகளுக்குப் போய்விடும். தூசி தட்டியது சும்மாவா?

பெண்ணுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஏழு மாதமாக அவன் எழுதிய கடிதங்களைத் தலையணை உறைக்குள் வைத்திருந்தாள்.

அதற்காகத்தான் 'புவியியல்பு' வகுப்பு. தினம் இரண்டு மணி நேரம் கண்ணாடி முன் இயல்பாக இருக்கப் பழகினாள். "ஒரு காலில் பாரத்தைப் போடு" என்றார் ஆசிரியர். பாரம் என்றால் என்ன என்று கேட்டாள். கோமளவல்லி தன் பங்குக்குச் சேலை ஓரத்தில் ஈயக்குண்டு தைத்தாள். எடையில்லாத ஊரில் ஈயமும் மிதக்கும் என்பது, அது படமெடுக்கும் ரோபோவின் கண்ணில் போய் மோதியபோதுதான் அவளுக்கு உறைத்தது. கடைசியில் காந்த வளையலும் இரும்பு ஒட்டியாணமும் கைகளைப் பிடித்து வைத்தன. பின்னலைப் பசைபோட்டு முதுகில் ஒட்டினார்கள்.

"இயல்பாக இருங்கள்" என்றது ரோபோ.

"மூணு மாசமா அதுக்குத்தானே உசிரை விடுறா! நீ எடுப்பா" என்றாள் கோமளவல்லி.

தொண்ணூற்றிரண்டு! காற்றுத்துளைக்கு அந்தப் பக்கம் தூசி தட்டுவது நின்றது.

மறுநாள் மாப்பிள்ளையின் படம் வந்தது. கைகள் நெஞ்சுயரத்தில், தலைமயிர் சிலிர்த்து, வேட்டி நுனி பறந்தபடி.

"அடியே, நம்ம ஊர்ப் பிள்ளையாட்டம் எவ்வளவு இயல்பா இருக்கான்!" என்று கோமளவல்லி பூரித்துப் போனாள். அவன் நான்கு மாதம் கம்பியில் தொங்கிப் பழகியதும், கீழே மின்விசிறி ஓடியதும் அவளுக்கு எப்படித் தெரியும்?

நிச்சயம் இரு வீட்டுக்கும் பொதுவாக, சந்திரனில் நடந்தது. அங்கே எடை கொஞ்சம் உண்டு. தளரவிட்டால் கைகள் தாமாகவே தொங்கும். ஆனால் வளையலைக் கழற்றிப் பார்க்க நப்பின்னைக்குத் தோன்றவில்லை. பூவரசன் சட்டைக்கைக்குள், கைகளைத் தூக்கி நிறுத்த இரண்டு குச்சிகள்.

"கை வலிக்கலையா?" என்றாள்.

"எப்பவும் இப்படித்தாங்க. உங்களுக்கு?"

"எனக்கும் எப்பவும் இப்படித்தான்."

கல்யாணம் ஜோராக நடந்தது. ஆனால் பூமிக்குப் போனால் அவன் குட்டு உடையும், மேலே போனால் இவள் குட்டு உடையும். 'இந்த ஊர்க் காற்று ஒத்துக்கொள்கிறது' என்று இருவரும் சந்திரனிலேயே குடித்தனம் வைத்துவிட்டார்கள். காற்றே இல்லாத ஊரில்!

பத்மாசனி மகளும் போன மாதம் செவ்வாய்க் கிரகத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவளுடைய படத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் நப்பின்னைதான். இப்போது சந்திரனிலிருந்தே வகுப்பு நடத்துகிறாள். "கேமரா இருக்கறதையே மறந்துடணும்" என்பது முதல் பாடம். அதைச் சொல்லும்போதும் வளையல் ஒட்டியாணத்தில் ஒட்டியே இருக்கிறது.