கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

மவுஸை நகர்த்தினால் ஸ்பீக்கரில் ஒரு கீறல் கேட்டது. தகரத்தின் மேல் யாரோ நகத்தால் மெல்லக் கோடு இழுப்பது போன்ற கீறல். நகர்த்துவதை நிறுத்தினால் அதுவும் நின்றது. மடிக்கணினியைப் பழைய ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கிற எல்லோருக்கும் வருகிற தொல்லைதான் என்று இணையத்தில் எழுதியிருந்தார்கள். அவளும் அதை நம்பத் தயாராகவே இருந்தாள். ஆனால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கீறல் இன்னொரு முறை வந்தது. அவசரமில்லாமல், இடது ஸ்பீக்கரில் தொடங்கி வலது ஸ்பீக்கரில் போய் முடிந்தது. திரையில் அம்புக்குறி இருந்த இடத்திலேயே இருந்தது.

வாயிலிருந்த தண்ணீரை அவள் சிறிது நேரம் விழுங்கவில்லை.

புத்தகங்களை வாசித்து ஒலிநூலாக்கிக் கொடுப்பது அவள் வேலை. அம்மா இறந்த பிறகு, சத்தமில்லாத இடமாகத் தேடி அலைந்து, தெரு முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்திலிருந்த இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தாள். கூடத்தின் வலது மூலையில் கனத்த போர்வைகளைத் தொங்கவிட்டுக் கூடாரம் போல மறைத்து, அதற்குள் ஒரு முக்காலியும் ஒரே ஒரு மைக்கும் வைத்திருந்தாள். இப்போது அவள் வாசித்துக்கொண்டிருந்தது எங்கோ பனி கொட்டுகிற நாட்டிலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட நாவல். அதில் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள், நிறைய மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனங்களில்தான் பிரச்சனை.

ஒலிக்கூடத்தில் படத்தொகுப்பு போல ஒலித்தொகுப்பு செய்கிறவனைக் கத்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவன் காலையில் அழைத்திருந்தான்.

"மேடம், ஏழாவது அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாடியும் ரெண்டு மூச்சு கேக்குது."

"ரெண்டு மூச்சா?"

"நீங்க மூச்சு இழுக்கறீங்க இல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி சன்னமா இன்னொண்ணு. ரெண்டு தடவ பேசினது ஒண்ணு மேல ஒண்ணு விழுந்திருக்கும். பாத்துச் சரி பண்ணிடுங்க. இல்லன்னா கேக்கறவங்க நீங்க ஜோடி போட்டு வாசிக்கறீங்கன்னு நெனச்சுப்பாங்க." சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அவள் ஏழாவது அத்தியாயத்தை ஒரே ஒரு தடவைதான் வாசித்திருந்தாள்.

கடைசிக் காலத்தில் அம்மா சொல்லிக்கொண்டே இருந்தது அவளுக்கு நினைவிருந்தது. *நான் சொல்ல வர்றத எனக்கு முன்னாடியே ஒருத்தி சொல்லிடறாடி.* டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவளும் அண்ணனும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அதெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே அனுப்பிவைத்தார்கள்.

ஹெட்போனில் கேட்டுப் பார்த்தாள். இரண்டு மூச்சும் கேட்டன. ஆனால் ஹெட்போனில் கேட்பது காதுக்குள் கேட்கிறதா தலைக்குள் கேட்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்? கத்திரி கேட்டது ஏதோ பதிவுக் கோளாறாக இருக்க, அவன் சொன்னதால் தன் மனம் அதை மூச்சாகக் கற்பித்துக்கொள்கிறதோ? மடிக்கணினியின் பொடி ஸ்பீக்கரில் மூச்சே கேட்கவில்லை. அது அறையின் காற்றில், தனக்கு வெளியே, மேசை நாற்காலி போல ஒரு பொருளாகக் கேட்க வேண்டும். இன்னொருவர் காதிலும் விழ வேண்டும். அதற்காகத்தான் அண்ணனுடைய பழைய ஆம்ப்ளிஃபயரைப் பரணிலிருந்து இறக்கினாள்.

இறக்கி, இணைத்து, பொத்தானை அழுத்தியதும் வீடு முழுக்க இரைச்சல். தாழ்ந்த, கரகரத்த, முடிவில்லாத ஒரு ரீங்காரம். சூடேறிய தூசியின் வாடையும் உருகிய பிசினின் வாடையும் கலந்து எழுந்தன. வெளியே மேகம் கவிந்து மாலை சீக்கிரமே இருட்டிக்கொண்டு வந்த அந்தக் கூடத்தில், ஆள் இல்லாத கடையில் ஓடிக்கொண்டிருக்கும் குளிர்பெட்டியைப் போல அது ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது.

பெரிய கட்டடம் ஒன்றில் மின்சாரப் பராமரிப்பு பார்க்கும் அண்ணனை அழைத்தாள்.

"சொல்லு வாயாடி. வாசிச்சு வாசிச்சு வாய் வலிக்குதா?"

"உன் ஆம்ப்ளிஃபயர் ஒரே இரைச்சல்ணா. மவுஸைத் தொட்டா வேற கீறுது."

"என் ஆம்ப்ளிஃபயரைக் குறை சொல்லாதே. உன் வயசு அதுக்கு. மொதல்ல லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கு."

பிடுங்கினாள். மவுஸை நகர்த்திப் பார்த்தாள். கீறல் இல்லை. அதற்கு அடியிலிருந்த ரீங்காரம் மட்டும் அப்படியே இருந்தது. ஒரு சத்தத்தை உரித்தால் கீழே இன்னொரு சத்தம்.

"இப்ப ஆம்ப்ளிஃபயரோட தகர மூடி மேல கையை வை."

வைத்தாள். தூசி மெத்தென்றிருந்தது, அதன் கீழே இளஞ்சூடான உலோகம். இரைச்சல் நின்றுவிட்டது. அப்படி ஒரு அமைதி. சுவரில் கடிகாரம் ஓடுவது அப்போதுதான் கேட்டது.

"நின்னுடுச்சா? எடு."

எடுத்தாள். வந்தது. வைத்தாள். நின்றது. எடுத்தாள், வைத்தாள். சிறுபிள்ளைத்தனமான ஒரு மகிழ்ச்சி. கடைசியாக ஒருமுறை விரல் நுனியால் மட்டும் தட்டிப் பார்த்தாள். அதற்கும் ஒரு கணம் நின்று மீண்டும் வந்தது.

"அவ்ளோதான் விஷயம்," என்றார் அண்ணன். "அந்தக் காலத்து ஒயரு, எர்த் கிடையாது. சத்தம் மண்ணுக்குப் போக வழி தேடுது. நீ கை வெச்சா உன் உடம்பு வழியாப் போயிடுது."

"என் வழியாவா?"

"பயப்படாதே, எறும்பு கடிக்கிற அளவுகூட இல்ல. யார் கை வெச்சாலும் நிக்கும்."

ஒரு கையை மூடியின் மேல் வைத்தபடியே மறுகையால் ஏழாவது அத்தியாயத்தை ஓடவிட்டாள். அவள் குரல் அறையின் நடுவில், இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையில், ஆள் நிற்பது போல நின்று பேசியது. ஒரே மைக்கில் பதிந்த குரல் அப்படித்தான் நடுவில் நிற்கும். வாக்கியம் முடிந்தது. மௌனம். பிறகு ஒரு மூச்சு.

அது நடுவிலிருந்து வரவில்லை. வலது ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வந்தது. போர்வைக் கூடாரத்தின் பக்கமிருந்து.

அதன் பிறகே அவளுடைய மூச்சு, நடுவில். பிறகு அடுத்த வாக்கியம்.

"கேட்டுச்சாண்ணா?"

"என்னது?"

"மூச்சு. எனக்கு முன்னாடி ஒண்ணு."

அண்ணன் பதில் சொல்லச் சற்றுத் தாமதித்தார். அந்தத் தாமதம் அவளுக்குப் புரிந்தது. அம்மாவிடம் பேசும்போதெல்லாம் அவர் இதே அளவு தாமதித்திருக்கிறார்.

"உன் குரல்தாம்மா கேட்டுச்சு," என்றார், குரலை மென்மையாக்கிக்கொண்டு. "மூச்செல்லாம் போன்ல எங்க கேக்கும்? மாத்திரை... இல்ல, சாப்டியா நீ? நல்லாத் தூங்கறியா?"

"நான் நல்லாத்தான் இருக்கேன். போனை வலது ஸ்பீக்கர்கிட்டப் பிடிச்சா உனக்கும் கேக்கும். ஆனா ஆம்ப்ளிஃபயர் மேல கை வெச்சுக்கிட்டு அவ்ளோ தூரம் எட்டல. கையை எடுத்தா இரைச்சல் வந்து எல்லாத்தையும் முழுங்கிடுது."

"சரி. பின்னாடி ஒரு திருகு இருக்கும் பாரு, அதுல ஒரு நீள ஒயரை முறுக்கு. வீட்டுக்குப் பின்பக்கம் இரும்புக் குழாய் ஏதாவது மண்ணுக்குள்ள போகுதா?"

"குழாயடி இருக்கு."

"ஒயரை ஜன்னல் வழியா வெளிய விட்டு, குழாயில துருவைச் சுரண்டிட்டு, இன்னொரு முனையை அதுல வெச்சுப் பிடி. சோதனைக்குத்தான். நாளைக்கு நான் வந்து முறையாப் போட்டுத் தரேன். ஆனா ஒண்ணு, வெறும் கம்பியை நீ தொடக் கூடாது. தொட்டா உன்னால நின்னுதா குழாயால நின்னுதான்னு தெரியாமப் போயிடும்."

போனைச் சத்தமாக ஒலிக்கும்படி மாற்றி, ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒயரின் ஒரு முனையைத் திருகில் முறுக்கினாள், மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். கத்தியை எடுத்துக்கொண்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு சமையலறை வழியாகப் பின்பக்கம் போனாள். கூடாரத்தைத் தாண்டிப் போகையில் அதன் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் நடப்பதற்குக் கழுத்து இவ்வளவு முயற்சி செய்ய வேண்டியிருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

வெளியே காற்று இல்லை. மழைக்கு முந்தைய புழுக்கம். புல்லும் பாசியும் மணத்தன. குழாயடிக்கு நேர் மேலே கூடத்தின் ஜன்னல், அதற்குள் விளக்குப் போடாத இருட்டு. இருட்டிலிருந்து அந்த ரீங்காரம் வெளியே வழிந்துகொண்டிருந்தது. வெளியில் நின்று கேட்கும்போது அது கிட்டத்தட்டத் துணையாகக்கூட இருந்தது. ஒயரின் முனையைத் துவைக்கிற கல்லின் மேல், செம்பு நுனி எதிலும் படாமல் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைத்தாள்.

"அண்ணா, சத்தம் இருக்கா?" என்று ஜன்னலைப் பார்த்துக் கத்தினாள்.

"இருக்கு, இருக்கு. வண்டு மாதிரி," என்று அண்ணனின் குரல் உள்ளிருந்து தகர டப்பாவில் அடைத்தது போல வந்தது.

குந்தி உட்கார்ந்து துருவைச் சுரண்டத் தொடங்கினாள். சிவப்புத் தூள் விரல்களில் ஒட்டியது. கொஞ்சம் உலோகம் தெரிந்தது. இன்னும் கொஞ்சம்.

ரீங்காரம் நின்றது.

"ஆங், நின்னுடுச்சு! பலே வாயாடி!"

கத்தி குழாயின் மேலேயே இருந்தது. அவள் கல்லைப் பார்த்தாள். ஒயர் வைத்த இடத்தில் இருந்தது. செம்பு நுனி காற்றில்.

எதிலும் படவில்லை.

"இன்னும் வைக்கலண்ணா," என்றாள். ஜன்னல் பக்கம் நிமிர்ந்தாள். "இன்னும் குழாயில வைக்கல!"

"என்னது? கேக்கல."

ரீங்காரம் வந்தது.

நின்றது.

வந்தது. நின்றது. பிறகு ஒரு கணம் மட்டும், விரல் நுனியால் தட்டியது போல.

அவள் செய்து பார்த்த அதே வரிசை.

"போதும் போதும், கையை வெச்சு வெச்சு எடுக்காதே," என்றார் அண்ணன் சிரித்தபடி. "சோதனைதான் முடிஞ்சுதே. ஓடி வந்தியா என்ன? ஏன் இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

அவள் எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணனுக்குக் கேட்கிறது. கேட்கிறது. தன் தலைக்குள் இல்லை. தலைக்குள்ளேயே இருந்திருக்கக் கூடாதா.

கல்லின் மேலிருந்த ஒயர் அசைந்தது. கல்லிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. புல்லிலிருந்து சுவருக்கு. சுவரில் மெல்ல ஏறி, விளிம்பில் ஒருமுறை தட்டுப்பட்டு, ஜன்னலுக்குள் போனது. உள்ளே யாரோ பொறுமையாகச் சுருட்டினார்கள். நிதானமாக.

அமைதி. கடிகாரம்.

"சரி, பதறாதே," என்றது அண்ணனின் குரல் உள்ளே, மிகவும் மென்மையாக, அம்மாவிடம் பேசுகிற குரலில். "உக்காரு. நான் இங்கதான் இருக்கேன். பேசு."

அது நான் இல்லை. சொல்ல வேண்டும். கத்த வேண்டும். அவள் நெஞ்சை விரித்தாள், மூச்சை இழுக்கப் போனாள்.

அதற்குக் கொஞ்சம் முன்னால், உள்ளே, போனுக்கு வெகு அருகில், சன்னமாக ஒரு மூச்சு.

"அண்ணா," என்றது அவள் குரல்.

அவள் வாய் இன்னும் திறந்திருக்கவில்லை.

"சொல்லும்மா," என்றார் அண்ணன்.