பத்து மணி ஈரம்

காலை ஆறரைக்கு நிறைமதி முதல் வயலின் வரப்பில் நின்றாள். மூட்டத்தில் மூன்றாவது வயல் தெரியவில்லை. வரப்போரம் நட்டிருந்த பொய்யிலையைக் குனிந்து பார்த்தாள். நெல் இலை அகலத்தில் ஒரு பச்சைத் தகடு. அதில் பனி எத்தனை மணி நேரம் தங்கியது என்பதை அடியிலிருந்த சின்னக் கண்ணாடித் திரை காட்டும்.

"ஏழு மணி!" என்று உரக்கச் சொன்னாள்.

"சரிக்கா," என்றது மூட்டத்துக்குள்ளிருந்து வயல்காரன் குரல்.

இப்படி நாற்பத்து மூன்று வயல்கள். ஒரு காலத்தில் பொய்யிலைகள் தாமாகவே செய்தி அனுப்பின. நத்தை ஊர்ந்தாலும் ஈரம் என்றன, தூசி படிந்தால் காய்ந்துவிட்டது என்றன. இரண்டு ஊர்களின் விளைச்சல் அதில் போனது. அதன்பின் ஓர் ஆள் நேரில் பார்த்துச் சொன்னால்தான் செல்லும் என்று ஆயிற்று. இந்த ஊருக்கு அந்த ஆள் நிறைமதி. கண்ணாடியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். யாரும் பார்ப்பதில்லை.

கடல் சூடேறியதிலிருந்து மார்கழி, தை முழுக்க மூட்டம்தான். இலையில் பத்து மணி நேரம் ஈரம் நின்றால் குலைநோய் உள்ளே இறங்கிவிடும். பத்தானால் மஞ்சள் கொடி. ஊர் ஆட்கள் வந்து பயிரின் மேல் கயிறு இழுத்துப் பனியை உதிர்ப்பார்கள், சூடோமோனாஸ் மருந்து தெளிப்பார்கள். ஆளும் மருந்தும் ஊருக்குப் பொது. கொடி விழாத வயலுக்குக் கிடையாது.

ஒரே போகத்தில் மூன்று மஞ்சள் விழுந்தால், அறுப்பு முடிந்ததும் அரசு வயலை எடுத்து ஏரியோடு சேர்த்துவிடும். நோயில் அழிந்த வயலும் ஏரிக்குத்தான். தாழ்ந்த வயலில்தான் பனி நிற்கும். ஏரிக்கும் தாழ்ந்த வயல்தான் வேண்டும்.

அவள் தம்பி இளவழகனின் வயல் தாழ்ந்தது. ஏற்கெனவே இரண்டு மஞ்சள்.

எட்டரைக்கு அங்கே போனபோது கண்ணாடி ஒன்பதே முக்கால் காட்டியது. தகட்டில் துளிகள் கோத்திருந்தன. எதிர் வரப்பில் தம்பி நின்றான். வெற்றுடம்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"என்னக்கா, என்ன சொல்லுது அந்தச் சனியன்?"

நிறைமதி முந்தானையால் தகட்டைத் துடைத்தாள். கண்ணாடியில் ஓடிய கணக்கு நின்றது.

"ஒம்பதே முக்கா."

"கால் மணியில தப்பிச்சேன். உன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்."

"முதல்ல ஒரு சட்டையப் போடுடா. பாக்கவே குளுருது."

அவன் சிரித்தான். நாளைக்கு வெயில் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த வயலுக்கு நடந்தாள்.

வெயில் வரவில்லை. ஐந்து நாள் துடைத்தாள்.

தை நடுவில் மற்ற வயல்களில் கதிர்கள் தலை சாய்ந்தன. இளவழகன் வயலில் கதிர்கள் வெளுத்து நேராக நின்றன. கதிரின் கழுத்து கறுத்திருந்தது. அவன் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் தேய்த்து ஊதினான். கையில் எதுவும் மிஞ்சவில்லை.

அதிகாரி வந்து பார்த்தார். "மூணாவது மஞ்சளே விழல, வயல் பூரா போயிருக்கு. கருவிக் கோளாறா இருந்தா நிலத்தை எடுக்க மாட்டோம். ஆனா ஊர்ல இருக்கிற எல்லாப் பொய்யிலையும் கழட்டிச் சோதிக்கணும். பத்து நாள் ஆகும்."

பிந்தி நட்ட வயல்களில் அப்போதுதான் கதிர் வந்துகொண்டிருந்தது. மூட்டம் விலகவில்லை. பொய்யிலை இல்லாத பத்து நாளும் அங்கே கொடி விழாது.

"கோளாறுதாங்க," என்றான் இளவழகன். "அக்கா பாத்துச் சொன்னது தப்பாவாது. மிஷின்தான் பொய் சொல்லியிருக்கு. சொல்லுக்கா."

நிறைமதி பொய்யிலையைப் பார்த்தாள். பிறகு பிந்தி நட்ட வயல்கள் இருந்த பக்கம் பார்த்தாள்.

"கருவி சரியாத்தான் இருக்கு. நான் துடைச்சேன்."



"எத்தனை நாள்?" என்றான் இளவழகன்.

"அஞ்சு."

அவன் வயலையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"நிலம் போயிருக்கும். போவட்டும். கடைசியா ஒரு தடவ அறுத்திருப்பேனேக்கா."



வேறு ஆள் கிடைக்கும்வரை அவளே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அதிகாரி போனார்.

மறுநாள் காலை ரோஸ்லினின் வயல். பிந்தி நட்டது, கதிர் பாதி வெளியே வந்திருந்தது. ரோஸ்லின் வரப்பில் நின்றாள். பதினோரு வருடமாக நிறைமதி சொன்னதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறவள்.

"எட்டு மணி," என்றாள் நிறைமதி.

ரோஸ்லின் நகரவில்லை. பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு வரப்போரச் சேற்றில் கால் வைத்து, அவளைத் தாண்டிப் போய், பொய்யிலையின் முன் குனிந்தாள். கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தாள்.

"எட்டுதான்," என்றாள், நிறைமதியின் முகத்தைப் பார்க்காமல்.