நாடிப்பூட்டு திறக்காத நாள்

எப்சிபா கட்டைவிரலை வைத்ததும் நாடிப்பூட்டு அறுபத்து நான்கு என்று காட்டும். பச்சை விளக்கு எரியும். எட்டு வன்வட்டுகளின் முன்னால் இருக்கும் கம்பிக்கதவு விலகும். பத்தொன்பது ஆண்டுகளில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது முறை அப்படித்தான் விலகியிருந்தது. அம்மாவை அடக்கம் செய்த மறுநாள்கூட அறுபத்து நான்குதான். உடன் வேலை பார்ப்பவர்கள் "கல்நெஞ்சுக்காரி" என்று கேலி செய்வார்கள். அவள் அதைப் பட்டமாகவே வாங்கிக்கொண்டாள்.

பாளையங்கோட்டை இதயச் சேவையகம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாத இயந்திரம். மாவட்டத்தில் நாலாயிரம் பேரின் நெஞ்சுக்குள் இருந்த பேஸ்மேக்கர் என்னும் சீராக்கிகள் ஒவ்வொரு துடிப்பையும் அதனிடம் கேட்டுத்தான் துடித்தன. அதனால், ஓடிக்கொண்டிருக்கும்போதேதான் அதற்கு வட்டு மாற்ற வேண்டும். எட்டில் ஒரு வட்டு செத்தால், மிச்சம் ஏழும் கணக்குப் போட்டு அதன் பங்கையும் சொல்லிவிடும். இரண்டு செத்தால் சொல்ல ஆளில்லை. வேறொரு மாவட்டத்தில் ஒருவர் பதற்றத்தில் செத்த வட்டை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த நல்ல வட்டை உருவிவிட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் இந்தப் பூட்டு. எழுபதுக்கு மேல் துடிக்கும் எந்தக் கைக்கும் அது திறக்காது.

அன்று காலை ஐந்தாம் வட்டு செத்துவிட்டது என்று தெரிந்ததும், மேலாளர் சுடலைமணி முதலில் பொன்னாடை வாங்கத்தான் ஆள் அனுப்பினார். ஆயிரமாவது முறை அல்லவா? அதைப் போர்த்திவிட, சீராக்கி வைத்த ஒருவரையும் வரவழைத்திருந்தார். தென்காசிப் பேருந்தின் ஓட்டுநர் இசக்கியம்மாள். காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார்.

அந்த நாலாயிரம் பேரில் ஒருவரைக்கூட எப்சிபா அதுவரை பார்த்ததில்லை.

"நீங்கதானா அது? கையக் காட்டுங்க பாப்போம்." இசக்கியம்மாள் அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "ரேகையெல்லாம் வேற மாதிரி இருக்கும்னுல்லா நெனச்சேன்."

"வெறும் கைதான்க்கா."

"வெறும் கையா? ஏழு வருசமா இந்தக் கையால வண்டி ஓட்டுதேன். போன மாசம் மகளக் கட்டிக் குடுத்தேன். மூணு பந்தி நின்னு நானே பரிமாறுனேன், தெரியுமா?"

எப்சிபாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வட்டுகளும் விளக்குகளும்தான். தான் ஏதோ ஒரு வட்டை மாற்றிவிட்டுச் சாப்பிடப் போன நாளில், எங்கோ ஒரு கல்யாணப் பந்தி நடந்திருக்கிறது. நெஞ்சுக்குள் எதுவோ மளமளவென்று நிறைந்தது. இத்தனை பெருமை ஒரு மனுஷிக்குள் அடங்குமா என்றிருந்தது.

கட்டைவிரலை வைத்தாள். தொண்ணூற்றாறு. சிவப்பு.

எல்லோரும் சிரித்தார்கள். மறுபடி வைத்தாள். நூற்று நான்கு. அப்போது, அடுத்து சாகப்போவது நான் என்று இரண்டாம் வட்டில் மஞ்சள் விளக்கு மினுங்கத் தொடங்கியது. சிரிப்பு நின்றது.

"மூச்ச இழுத்து விடும்மா!" சுடலைமணி கத்தினார். அவளை ஒதுக்கிவிட்டுத் தன் விரலை வைத்தார். நூற்று முப்பத்தொன்று. மற்ற இரண்டு தொழில்நுட்பர்களும் வைத்துப் பார்த்தார்கள். மஞ்சள் விளக்கைப் பார்த்தபின் யாருக்கு அடங்கும்?

எப்சிபா சட்டென்று திரும்பினாள். "அக்கா, உங்களுக்கு எத்தன?"

"டாக்டர் எழுதிவச்சது அறுபத்திரண்டு. பேயப் பாத்தாலும் அறுபத்திரண்டுதான்."

"விரல வைங்க. நான் சொல்லுத வரைக்கும் எடுக்காதீங்க."

இசக்கியம்மாளின் முகம் வெளிறியிருந்தது. நெற்றியில் வியர்வை, உதட்டில் நடுக்கம். தன் உயிர் இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். பூட்டு அவரை அமைதியான பெண் என்று முடிவு செய்தது. பச்சை எரிந்தது, கதவு விலகியது. விலகியதுதான் தாமதம், அவருடைய இன்னொரு கை பாய்ந்துபோய் ஆறாவது வட்டின் பிடியைப் பற்றியது.

"இதானே? இதத்தானே உருவணும்?"

எப்சிபா அந்த மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். அவளுடைய நெஞ்சு காதுக்குள் இடித்துக்கொண்டிருந்தது. அந்த இடியோடேயே இடமிருந்து எண்ணினாள். ஐந்தாவதைத் தொட்டு, மறுபடி ஒருமுறை எண்ணி, உருவினாள். புதிய வட்டைச் செருகினாள். 'க்ளிக்'கென்று அமர்ந்தது.

நாற்பது நிமிடத்தில் ஏழு வட்டுகளும் புதியதற்கு அதன் பங்கைச் சொல்லி முடித்தன. அதன் பிறகு இரண்டாம் வட்டு செத்தது. இனி அது சாகலாம்.

பதிவேட்டில் ஆயிரமாவது மாற்றத்துக்கு நேரே 'நாடி: 62, மாற்றம்: சரி' என்று மட்டும் இருந்தது. துறை அதைப் படித்தது. ஒரு மாதத்தில் சுற்றறிக்கை வந்தது. இனிமேல் சீராக்கி பொருத்தியவர்கள் மட்டுமே வட்டு மாற்ற வேண்டும். எப்சிபாவின் சேவையைப் பாராட்டி, அவளுக்குத் துறையே இலவசமாக ஒரு சீராக்கி பொருத்தித் தரும்.

"ரெண்டு நாள் லீவு போதும்மா," என்று படிவத்தை நீட்டினார் சுடலைமணி. "அப்புறம் ஓய்வு பெறுற வரைக்கும் அறுபத்திரண்டுதான்."

"சார், சர்வர் நின்னுபோச்சுன்னா?"

"நீதான் வந்து சரிபண்ணுவ."

"எப்படி வருவேன்? மொதல்ல விழுகுறது நானால்லா இருப்பேன்?"

சுடலைமணி படிவத்தை வாங்கி மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அத எழுத இதுல கட்டம் இல்லையேம்மா."

எப்சிபா படிவத்தை அவரிடமிருந்து வாங்கி, முன்புறம் எதையும் நிரப்பாமல் பின்புறம் திருப்பினாள். வெற்றுத்தாளில் பெரிய எழுத்தாக எழுதினாள்: 'என் நாடி எழுபதைத் தாண்டும். நாலாயிரம் பேரில் ஒருவரை நான் பார்த்துவிட்டேன்.' கீழே தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.