இத்தாலிக்குப் போகாதவன்

"ஷுக்ரி ஹம்தியா? அவன் இத்தாலிக்குப் போய் ரெண்டு வருஷமாச்சே."

மஞ்சள் பட்டை போட்ட வேனின் கதவில் சாய்ந்துகொண்டு அந்த ஓட்டுநர் இதைச் சொன்னபோது, அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மலையூரான மக்தரின் வண்டி நிலையத்துத் தகரக் கூரையில் ஜனவரி மழை கொட்டிக்கொண்டிருந்தது. நனைந்த கோப்பை மார்போடு அணைத்தபடி நின்றாள் துர்ரா. நான்கு நாட்களாகத் தேடிய ஆள்... கடைசியில் கடல் தாண்டிவிட்டானா?

துர்ரா தலைநகர் துனிஸின் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வாளர். பதினான்கு வருடங்களுக்கு முன்பு அவளுடைய பேராசிரியர் இந்த மலைப்பக்கத்துப் பிள்ளைகள் அறுநூறு பேருக்குப் பரீட்சை வைத்தார். யாருடைய அப்பா எதுவரை படித்தார், பள்ளி எவ்வளவு தூரம் என்றெல்லாம் குறித்துக்கொண்டார். அந்தப் பிள்ளைகளை இப்போது தேடிப் பிடித்து, என்ன ஆனார்கள் என்று கேட்பதுதான் துர்ராவின் வேலை. அறுநூறு பேரில் கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவன், ஆடு மேய்ப்பவரின் மகன், அப்போது பதினைந்து வயதான ஷுக்ரி ஹம்தி.

"இத்தாலியில எந்த ஊரு?"

"மிலானோன்னு சொல்லிக்கிறாங்க."

"என்ன வேலை?"

"நல்ல வேலைதானாம். ஆளு குண்டாயிட்டானாம்."

அவள் பொறுப்பாக எழுதிக்கொண்டாள். நிமிர்ந்தபோது அவன் கண்கள் தட்டுப்பட்டன. தேன் நிறக் கண்கள்... சிரிக்காத முகத்தில் அவை மட்டும் எதையோ ஒளித்துவைத்துக்கொண்டு மின்னின. இவ்வளவு அழகான கண்ணை வைத்துக்கொண்டு இவ்வளவு விறைப்பா இந்த மனுஷனுக்கு? 'சீ, வேலையைப் பார்' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

அன்று மாலை மேல்நிலைப் பள்ளியில் பழைய பதிவேடுகளைப் புரட்டிவிட்டு அவள் வெளியே வந்தபோது, வாசலில் அதே வேன் நின்றது. நீல மேலங்கி போட்ட மாணவிகள் மழைக்குத் தலை குனிந்து அதை நோக்கி ஓடினார்கள்.

"ஷுக்ரி அண்ணே, கதவு திறக்க மாட்டேங்குது..."

துர்ரா நின்றாள். அவனும் அவளைப் பார்த்துவிட்டான். காது மடல் இரண்டும் மெல்லச் சிவந்தன.

"மிலானோவிலிருந்து எப்ப வந்தீங்க?"

"இப்பதான்... மழைக்குப் பயந்து விமானம் சீக்கிரமே வந்துடுச்சு."

"என் படிவத்தைக் கெடுத்துட்டீங்க. பேனாவில எழுதியிருக்கேன்."

"மன்னிச்சிடுங்க மேடம். கோப்போட வர்றவங்க இதுவரைக்கும் எங்களுக்கு நல்ல சேதி கொண்டு வந்ததில்ல." அவள் கோப்பை எட்டிப் பார்த்தான். "குண்டாயிட்டான்னு எழுதினீங்களா?"

"அதுக்குக் கட்டம் இல்ல," என்றாள். சிரிப்பை அடக்கப் பார்த்தாள்... முடியவில்லை.

படிவம் நாற்பது பக்கம். பள்ளி மணி அடிக்கும்வரை கிடைக்கும் நேரத்தில், வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்து அவள் கேட்க, அவன் சொல்ல, நான்கு நாட்கள் ஓடின. ஜன்னல் கண்ணாடியில் மழை கோடு கோடாக வழியும். அவன் ஹரிஸ்ஸா என்ற மிளகாய் விழுது தடவிய சூடான ரொட்டி வாங்கி வருவான். அந்த மலைமிளகாயின் காரம் கடற்கரையில் வளர்ந்த துர்ராவுக்குக் கண்ணில் நீராக வரும்.

"அழுறீங்களா? நான் இன்னும் என் கதையையே ஆரம்பிக்கலயே."

கதை சின்னதுதான். அவன் ஊரான அயின் ஜர்தாவிலிருந்து பள்ளிக்கு ஒன்பது கிலோமீட்டர். அவனுக்குப் பதினாறு வயதானபோது பள்ளிப் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். ஒரு குளிர்காலம் முழுவதும் நடந்து பார்த்தான். நெஞ்சில் சளி கட்டி இரண்டு மாதம் படுத்தான். எழுந்தபோது பள்ளி முடிந்திருந்தது. பிறகு மாமாவின் வேன்... இப்போது அந்த வழியில் இருக்கும் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டி வருவது அவன்தான்.

"மேடம், ஒண்ணு சொல்லலாமா? பதினேழாம் பக்கத்துல நாலாவது கேள்விக்கும் ஒன்பதாவது கேள்விக்கும் எப்படிப் போட்டாலும் ஒரே விடைதான் வரும். எதுக்கு ரெண்டு தடவை கேட்கிறீங்க?"

அவள் போட்டுப் பார்த்தாள். உண்மைதான். பேராசிரியரின் பழைய படிவத்திலிருந்தே வந்த கேள்விகள்; பதினான்கு வருடமாக யாருக்கும் தெரியாத தப்பு. தலை தூக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்...

நான்காம் நாள் பேராசிரியர் அழைத்தார். துர்ரா பள்ளி மதிலோரம் ஒதுங்கிப் பேசினாள்.

"அதே பையன்தான் சார். இப்ப வேன் ஓட்டுறார்... ஆமா. வீணாப்போன திறமைக்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்காது."

திரும்பினாள். இரண்டு ரொட்டிப் பொட்டலங்களோடு ஷுக்ரி நின்றுகொண்டிருந்தான்.

அவன் ஒன்றை அவள் கையில் வைத்தான். "சூடு ஆறிடும்," என்றான். பிறகு, குரலை உயர்த்தாமல், "என் பேரை எடுத்துடுங்க மேடம். எப்ப வேணாலும் விலகலாம்னு முதல் பக்கத்துல நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?"

மாணவிகளை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. ரொட்டி அவள் கையிலேயே குளிர்ந்தது.

மறுநாள் அவள் துனிஸ் திரும்ப வேண்டும். காலையில் அவள் விஷயத்தைச் சொன்னதும் பேராசிரியர் போனில் கத்தினார். "எப்படியாவது அவனைச் சமாதானப்படுத்தும்மா. அவன் இல்லாம நம்ம கட்டுரைக்கு உயிரே இல்ல."

"அவர் வேணாம்னுட்டார் சார். வேணாம்னா வேணாம்தான்."

நண்பகலில் வண்டி நிலையத்துக்குப் போனாள். துனிஸ் வண்டிகள் இடப்பக்கம் நின்றன. அவள் வலப்பக்கம் நடந்தாள். எட்டுப் பேர் சேர்ந்தால்தான் கிளம்பும் மஞ்சள் பட்டை வேனில் பின்னால் ஏழு பேர் ஏறியிருந்தார்கள். அதன் முன் கதவைத் திறந்து, கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள்.

"உங்க நாற்பது பக்கம். கணினியிலயும் அழிச்சாச்சு."

அவன் தாள்களை வாங்கிக்கொண்டான். "பேராசிரியர் திட்டலயா?"

"திட்டினார்... ஷுக்ரி, நான் சொன்னது தப்பு."

"முழுசாத் தப்பில்ல. அதான் வலிச்சது." அவன் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும். அந்தப் பொண்ணுங்க பாஸ் பண்ணினா ரெண்டு நாள் எனக்குக் கால் தரையில நிக்காது. ஆனா சில நாள் வாசல்ல காத்திருக்கும்போது, உள்ளே கணக்குப் பாடம் நடக்கிற சத்தம் கேட்கும்... நெஞ்சு எரியும். ரெண்டுமே நான்தான். நீங்க ஒண்ணை மட்டும் எடுத்து போன்ல சொல்லிட்டீங்க."

இந்த முறை ரொட்டியும் இல்லை, காரமும் இல்லை. ஆனாலும் அவள் கண்கள் நிறைந்தன.

"நீங்க விலகினதுல எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்," என்றாள் மெதுவாக.

"ஏன்?"

"ஆய்வுக்கு வந்தவ பதிலை மட்டும்தான் கேட்கணும். நான் உங்க குரலைக் கேட்டுட்டு இருந்தேன். எங்க பட்டியல்ல இருக்கிற ஒருத்தரை நான்... காதலிக்கக் கூடாது. இப்ப நீங்க பட்டியல்ல இல்ல."

அவன் காது மடல்கள் சிவந்தன.

பின் இருக்கையிலிருந்து ஒரு பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஏம்பா ஷுக்ரி, அந்தப் பொண்ணோட எட்டுப் பேர் ஆயிடுச்சே. கிளம்ப வேண்டியதுதானே?"

"அவங்க துனிஸ் போறவங்க மாமா."

"இல்ல. நான் அயின் ஜர்தாவுக்குத்தான்," என்றாள் துர்ரா.

சாவியில் இருந்த அவன் கை நின்றது. "அங்க எங்கம்மா மட்டும்தான் இருக்காங்க... இது யாருன்னு கேட்பாங்க."

"என்ன சொல்வீங்க?"

வண்டியைக் கிளப்பினான். நிலையத்தைத் தாண்டி மலைப் பாதையில் திருப்பினான். பிறகு, பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்.

"பள்ளி மணி நாலுக்குத்தான் அடிக்கும். உங்களைப் பார்த்த மறுநாள்லேர்ந்து நான் மூணுக்கே வந்து நின்னேன், துர்ரா. இத்தனை கேள்வி கேட்டீங்க... அது ஏன்னு மட்டும் கேட்கல. அதை அம்மாகிட்ட சொல்லிடப் போறேன்."