இரண்டாம் எண் வெள்ளை

செவ்வாய், காலை 10.10.

வாள் மாட்டிய இடத்தில்தான் இருந்தது. அதன் வெள்ளையைத்தான் காணோம்.

சின்னவள் பிஸ்கட்டை டீக்குள் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தாள். கைப்பிடியில் அவள் சுற்றிய சிவப்பு நூல் இருந்தது. மூன்று பச்சைக் கற்கள் இருந்தன. அலகின் அடியில் கொல்லரின் முத்திரையும் இருந்தது. ஆனால் தந்தம் மாதிரி இருந்த கைப்பிடி இப்போது சலவைக்கு நீலம் போட்ட வேட்டி மாதிரி இருந்தது.

சின்னவளும் அவள் அக்கா பெரியவளும் ஒரு பல் லேப் நடத்துகிறார்கள். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள், இவர்கள் பீங்கானில் பல் செய்து கொடுப்பார்கள். அச்சும் மெழுகும் உலையும் பெரியவள் பொறுப்பு. நிறம் சின்னவளுடையது. வெள்ளை எத்தனை என்று கேட்டால் ஊர் உலகம் ஒன்று என்று சொல்லும். சின்னவள் பதினாறு என்பாள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் சொல்வாள்.

அந்தப் பதினாறும் ஒரு தகட்டில் பதினாறு போலிப் பற்களாக வரிசையாய்ச் செருகியிருக்கும். ஷேட் கைடு என்று பெயர். பதினோரு வருஷம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துத் துடைத்துக் காம்பில் இருந்த எண்கள் அழிந்துவிட்டன. அக்காவும் தங்கையும் வரிசையை வைத்தே எடுத்துக்கொள்வார்கள்.

லேப் கம்ப்யூட்டரில் டீ இடைவேளைதோறும் சின்னவள் ஒரு ஆன்லைன் விளையாட்டு ஆடுவாள். சண்டையில் அவளுக்கு ஆசை இல்லை. கொல்லர் என்கிற ஆட்டக்காரர் பட்டறையில் வாள் அடித்துத் தருவார், இவள் அதற்குச் சாயம் ஏற்றி, நூல் சுற்றி, கல் பதித்து அழகுபடுத்துவாள். அதில் சாயத்துக்கு எண் எதுவும் கிடையாது. துளித் துளியாகக் கலந்து கண்ணால் பார்த்து நிறுத்த வேண்டியதுதான். இந்த வாளுக்கு அவள் ஷேட் கைடிலிருந்து இரண்டாம் எண் பல்லை எடுத்துத் திரையோடு ஒட்டிப் பிடித்து, பல்லும் கைப்பிடியும் ஒன்றாகும்வரை கலந்தாள். அந்தச் சாமர்த்தியத்தை அக்காவிடமும் கணவனிடமும் ஒரு வாரம் பீற்றிக்கொண்டாள்.

"அக்கா, இங்க வாயேன். கைப்பிடி நிறம் மாறியிருக்கா?"

பெரியவள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "அப்படியேதானே இருக்கு."

செய்த பற்களைக் கிளினிக்குகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை சின்னவளின் கணவனுடையது. பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவன் எட்டிப் பார்த்தான். அவனும் அதே விளையாட்டை வீட்டு லேப்டாப்பில் ஆடுகிறவன்தான்.

"எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலையே. உன் கண்ணை ஒருதரம் காட்டிடேன். ராத்திரி பகலா நிறத்தையே பார்த்துட்டு இருக்கே."

சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். அந்தச் சொல் போகவில்லை.

வியாழன், காலை 11.30.

ஒரு பல் திரும்பி வந்தது. டாக்டரின் சீட்டில் 'நிறம் பொருந்தவில்லை, மஞ்சள் அதிகம்' என்று எழுதியிருந்தது. அதைக் கொண்டுவந்தவன் அவள் கணவன்தான். பதினோரு வருஷத்தில் நிறத்துக்காகப் பல் திரும்பியது அதுவே முதல் தடவை. சின்னவள் பின்கட்டில் போய் அழுதாள். அவன் முதுகைத் தட்டிக்கொடுத்து, வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குக் கண் டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தான்.

வெள்ளி, காலை 10.00.

இன்னொரு பல்லும் திரும்பியது. வேறு கிளினிக், அதே குறை.

பெரியவள் சீட்டைப் படித்துவிட்டு மடித்து வைத்தாள். "கோவிச்சுக்காதடீ. திங்கக்கிழமையிலேர்ந்து நிறத்தை நான் பார்த்துக்கறேன். நீ மெழுகு வேலையைப் பாரு. கண்ணு சரியானதும் மறுபடி நீயே பாரு."

சின்னவள் திரும்பி வந்த பல்லை எடுத்துத் தன் மேஜையில் வைத்தாள். நிறம் தெரியாத நிறக்காரியை எதற்கு வைத்துக்கொள்வது? செவ்வாய்க்கிழமை தோன்றியது கண் செய்த கோளாறா, இல்லை வாளில் நிஜமாகவே யாரோ கை வைத்தார்களா? வாள் மாறியிருந்தால் கண் தப்பு செய்யவில்லை. வாள் மாறவில்லை என்றால் மெழுகுதான். கண் டாக்டரைப் பார்ப்பதற்குள் அவளுக்கு இது தெரிந்தாக வேண்டும்.

காலை 10.30.

விளையாட்டில் அவர்கள் குழுவுக்கு ஓர் ஆயுதசாலை உண்டு. எந்த ஆயுதத்தை யார் எடுத்தார், எப்போது திரும்ப வைத்தார் என்று அதில் பதிவாகும். சின்னவள் அந்தப் பட்டியலைத் திறந்தாள்.

ஞாயிறு மாலை 4.20க்கு வாளை எடுத்திருக்கிறார்கள். 5.35க்குத் திரும்ப வைத்திருக்கிறார்கள். எடுத்தவர் பெயரை அவள் இரண்டு தரம் படித்தாள். அது அவளுடைய பெயர்.

ஞாயிறு மூன்று மணியிலிருந்து ஆறு வரை அவள் வீட்டில் படுத்துத் தூங்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. நன்றாக நினைவிருக்கிறதா என்று யோசித்தபோது அவ்வளவு நன்றாக இல்லை. கண்தான் போயிற்று என்று பார்த்தால் புத்தியும் போய்விட்டதா என்ன?

காலை 10.50.

கொல்லர் வேறு ஊர்க்காரர், நிஜத்தில் லிஃப்ட் மெக்கானிக். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை என் வாளை யாராவது உங்ககிட்ட கொண்டு வந்தாங்களா?"

"யாராவதா? நீதானேம்மா வந்தே."

"நான் பேசினேனா?"

"பேசலை. மைக் கெட்டுப்போச்சுன்னு எழுதினே. வாளோட முனை மழுங்கியிருந்துச்சு, எங்கேயோ சண்டைக்குக் கொண்டுபோயிருக்கே. சாணை பிடிக்கச் சொன்னே. சாணை பிடிச்சா சாயம், நூல், கல்லு எல்லாம் கழண்டுடும்னு சொன்னேன். பரவாயில்லைன்னே."

"அப்புறம்?"

"நூலும் கல்லும் உன் பைக்கே திரும்ப வந்துடுமே. சாயம்தான் போச்சு. அதைத் திரும்பக் கலக்கணும்." கொல்லர் குரலைத் தாழ்த்தினார். "ஏம்மா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அதைத்தான் அவளும் தெரிந்துகொள்ள முயன்றுகொண்டிருந்தாள்.

காலை 11.15.

வாள் சண்டைக்குப் போயிருக்கிறது, சாயம் கழன்றிருக்கிறது, புதிதாகக் கலந்திருக்கிறார்கள். அதுவரைக்கும் ஆறுதல். ஆனால் கலந்தவள் அவளாகவே இருந்தால்? அவள் கணக்கு லேப் கம்ப்யூட்டரில் எப்போதும் திறந்தே கிடக்கும். வீட்டு லேப்டாப்பிலும் ஒரு தடவை திறந்திருக்கிறாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை லேபுக்கு வந்தியா?"

"வந்தேன். உலையைச் சுத்தம் பண்ணிட்டு மூணு மணிக்குப் பூட்டிட்டுப் போயிட்டேன். ஏன்?"

"சும்மா."

சும்மா இல்லை என்று இருவருக்கும் தெரியும். நிற வேலை கைமாறினால் யாருக்கு லாபம் என்று ஒரு நினைப்பு சின்னவளுக்கு வந்தது. அதற்காக அவள் உடனே வெட்கப்பட்டாள். ஆனாலும் நினைப்பு போகவில்லை.

ஷேட் கைடை எடுத்து, இரண்டாம் இடத்துப் பல்லைத் திரையில் இருந்த வாளோடு ஒட்டிப் பிடித்தாள். கைப்பிடி நீலம் தட்டியது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது கையில் இருந்த பல். அது அவள் நினைவிலிருந்த இரண்டைவிடப் பழுப்பாக இருந்தது. திரையில் இருப்பதும் தப்பு, கையில் இருப்பதும் தப்பு. இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் தப்பு. ஒரே கண் ஒன்றை நீலமாகவும் மற்றொன்றைப் பழுப்பாகவும் கெடுத்துக் காட்டுமா?

அவள் ஷேட் கைடை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

மதியம் 12.15.

அலமாரியின் மேல்தட்டில் போன வருஷத்து மாதிரிப் பற்கள் சிறு டப்பாக்களில் இருந்தன. ஒவ்வொரு டப்பாவிலும் நிறத்தின் எண் எழுதி ஒட்டியிருந்தது. சின்னவள் 'இரண்டு' என்ற டப்பாவை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் வெயிலுக்குப் போனாள்.

மாதிரிப் பல் ஷேட் கைடின் இரண்டாம் இடத்தோடு சேரவில்லை. மூன்றாம் இடத்தோடு வைத்தபோது எது மாதிரி, எது கைடு என்று பிரிக்க முடியாத அளவுக்குச் சேர்ந்தது.

அடுத்து, திரும்பி வந்த இரண்டு பற்களையும் எடுத்தாள். அவை இரண்டாம் இடத்துப் பல்லோடு அச்சாகச் சேர்ந்தன.

"அக்கா, இங்க வா. இரண்டும் மூணும் இடம் மாறியிருக்கு."

பெரியவள் வந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அடிப்பாவி. ஆமா."

"டாக்டர் ரெண்டுன்னு எழுதினாரு. ரெண்டாம் நம்பர் பீங்கான் தூளைப் போட்டேன். கைடோட வெச்சுப் பார்த்தா வெளுப்பா தெரிஞ்சுது, மேல கொஞ்சம் பழுப்பு ஏத்தி இந்தப் பல்லோட சேர்த்தேன். நான் பொருத்தினது சரிதான். பொருத்தின பல்லுதான் தப்பு."

பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நான் தொடலைடீ. சத்தியமா."

"தெரியும். நீ கண்ணை மூடிட்டு அடுக்கினாலும் இடம் மாறாது. நானும் அப்படித்தான்."

சொன்ன பிறகுதான் சின்னவளுக்கு அது உறைத்தது. வாளுக்காகப் பல்லை எடுத்த ஆளுக்கு, வாளின் வெள்ளை இந்த ஷேட் கைடிலிருந்து வந்தது என்று தெரியும். ஆனால் பற்களின் வரிசை தெரியாது. கொல்லருக்கு இரண்டுமே தெரியாது. அக்காவுக்கு இரண்டுமே தெரியும்.

ஒரே ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. சரியான பல்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்த ஆள் எப்படி இவ்வளவு நீலமாகக் கலக்க முடியும்? மூன்றாம் பல்லை எடுத்திருந்தாலும் பழுப்பாகத்தானே வந்திருக்கும்?

மதியம் 1.30.

வீட்டில் கணவன் லேப்டாப் முன் உட்கார்ந்து டெலிவரிச் சீட்டுகளை எழுதிக்கொண்டிருந்தான். சின்னவளோடு பெரியவளும் வந்திருந்தாள்.

"என்ன ரெண்டு பேரும்? அஞ்சு மணிக்குத்தானே டாக்டரு?"

சின்னவள் அவன் பக்கத்தில் போய் நின்றாள். அவள் பார்வை லேப்டாப் மேல் இருந்தது. எழுதும் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். அது பழைய செய்தித்தாள் நிறத்தில் இருந்தது. பக்கத்தில் கிடந்த நிஜச் சீட்டு அதன் அருகில் பளிச்சென்று வெளுத்திருந்தது.

"திரை ஏங்க இப்படி மஞ்சளா இருக்கு?"

"தலைவலிக்காக வெச்சது. கண் கூசாம இருக்க. மாசக்கணக்கா அப்படித்தானே கிடக்கு."

"என் வாளைக் கொஞ்சம் திறங்களேன்."

அவன் கை நின்றது. பிறகு திறந்தான். வாள் திரையில் வந்தது. சின்னவள் தன் பையிலிருந்து நிஜமான இரண்டாம் எண் பல்லை எடுத்து, கைப்பிடியோடு ஒட்டிப் பிடித்தாள்.

இரண்டும் ஒன்றாக இருந்தன. இம்மி பிசகவில்லை.

"அந்த மஞ்சளை அணைங்க."

அவன் அணைத்தான். கைப்பிடி சட்டென்று நீலம் தட்டியது. அவள் கையில் இருந்த பல் அப்படியே இருந்தது.

"பார்த்தியாக்கா," என்றாள் சின்னவள். "திரையிலதான் மஞ்சள். பல்லு திரைக்கு வெளியில இருக்கு, அது மேல மஞ்சள் விழாது. மஞ்சள் திரையில பல்லு மாதிரி தெரியணும்னா நிஜத்துல நீலமா கலந்தாத்தான் ஆகும். லேப் திரையில இந்தத் தப்பு நடக்காது. இந்த ஒரு திரையில மட்டும்தான் நடக்கும்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "நீங்கதான்."

பெரியவள் ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவன் சீட்டுகளை அடுக்கினான், கலைத்தான், மறுபடி அடுக்கினான்.

"எங்க ஆளுங்க கிண்டல் பண்ணாங்க. உன் பொண்டாட்டி வாளு சுவத்துல மாட்டத்தான் லாயக்குன்னு. உன் கணக்குலயே எடுத்துட்டுப் போனேன், ஒரே ஒரு சண்டை. முனை மழுங்கிடுச்சு. நீ தூங்கிட்டு இருந்தே. உன் சாவியை எடுத்துட்டு லேபுக்கு ஓடிப்போய் அந்தப் பல்லு வரிசையையே பையில போட்டு எடுத்துட்டு வந்தேன். வர்ற வழியில ரெண்டு பல்லு கழண்டு விழுந்துடுச்சு. அதுல பழைய வாளு மாதிரி வெளுப்பா இருந்ததை வெச்சுக் கலந்தேன். அப்புறம் எது எங்கே இருந்துச்சுன்னு தெரியலை, தோணினபடி செருகி, திங்கக்கிழமை காலையில வெச்சுட்டேன்."

"அதனாலதான் கிளினிக்குல இருந்து ரெண்டு பல்லு திரும்பி வந்துச்சு."

அவன் நிமிர்ந்தான். அது அவனுக்கு உண்மையிலேயே புதிய செய்தி. முகம் வெளுத்துப்போனது. "சத்தியமா எனக்கு அது தெரியாது."

"தெரியாதுன்னு நம்பறேன்."

"வாளுக்கு வேணும்னா நானே..."

"வாளைப் பத்தி நான் கேக்கவே இல்லை." அவள் குரல் உயரவில்லை. "செவ்வாய்க்கிழமை நிறம் மாறியிருக்கான்னு கேட்டேன். மாறியிருக்குன்னு உங்களுக்குத் தெரியும். மாத்தினதே நீங்கதான். கண்ணைக் காட்டுன்னு சொன்னீங்க. நேத்து நான் அழுதப்போ முதுகைத் தட்டிக்கொடுத்தீங்க. போன் போட்டு டாக்டர்கிட்ட நேரம் வாங்கினீங்க. அப்பக்கூட ஒரு வார்த்தை வரலையா?"

"சொன்னா நீ கோவப்படுவேன்னு பயந்துட்டேன்."

"நான் குருடாயிடுவேன்னு பயந்துட்டு இருந்தேங்க."

அவன் லேப்டாப்பை மூடினான். பெரியவள் எழுந்து வந்து தங்கையின் தோளில் கை வைத்தாள். அவளும்தானே காலையில் மெழுகு வேலை என்று சொன்னவள்.

சின்னவள் போனை எடுத்துக் கண் டாக்டரின் நேரத்தை ரத்து செய்தாள். திரும்பி வந்த இரண்டு பற்களையும் டாக்டர்களிடம் காட்டுவதற்காக அவன் பையில் போட்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள ரெண்டு கிளினிக்குக்கும் போயிட்டு வாங்க. புதுப் பல்லு திங்கக்கிழமை வரும்னு சொல்லுங்க. நிறம் ஏன் மாறுச்சுன்னு டாக்டர் கேப்பாரு."

"என்னன்னு சொல்றது?"

"நடந்ததை."

அவன் பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தான். அவள் பார்வையை எடுக்காமல் இரண்டாம் எண் பல்லைத் தன் பையில் போட்டாள். நான்கு நாளில் முதல் தடவையாக அவளுக்குத் தன் கண் மேல் சந்தேகம் இல்லை. அந்தக் கண்ணால்தான் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.