சாய்த்து வைத்த கொடி

ஓசூர் மழைக்கு ஒரு குணம் உண்டு. கொட்டித் தீர்க்கவும் செய்யாது, விட்டுப் போகவும் செய்யாது... அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், துப்பட்டாவின் நுனியைப் பிழிந்தபடி, இராயக்கோட்டை சாலையிலிருந்த ‘தணல் மேசை’ உணவகத்துக்குள் ரஞ்சிதா தயங்கித் தயங்கி நுழைந்தாள்.

அவள் வந்தது மழைக்கு ஒதுங்க அல்ல. சிப்காட்டில் அவள் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் மேலாளர் கோவிந்தன் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிரிவு முழுவதும் சேர்ந்து ஒரு பார்பிக்யூ விருந்து தருவதாக முடிவாகியிருந்தது. ஊரிலேயே நல்ல கடை எது என்று பார்த்து வரும் பொறுப்பு, யார் எதைச் சொன்னாலும் ‘சரிங்க சார்’ என்று சொல்லிவிடும் ரஞ்சிதாவின் தலையில் விழுந்தது. கோவில்பட்டியில் வளர்ந்தவளுக்குப் பரோட்டா தெரியும், சால்னா தெரியும்... பார்பிக்யூ எப்படியிருக்கும் என்று தெரியாது. துணைக்கு வருவதாகச் சொன்ன அறைத்தோழி சரிதாவுக்கோ கடைசி நேரத்தில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள்.

அவள் அமர்ந்த மேசையின் நடுவே ஒரு சதுரக் குழி இருந்தது. சட்டையில் ‘மணிவேல்’ என்று பெயர் குத்தியிருந்த பணியாளர், செக்கச்செவேலென்ற கரித்துண்டுகள் நிறைந்த இரும்புப் பெட்டியை அதற்குள் பதமாக இறக்கிவிட்டுப் போனார். பெட்டிக்கு ஒரு சாண் தள்ளி, சின்னஞ்சிறு தாங்கியில் ஒரு மஞ்சள் துணிக்கொடி விறைப்பாக நின்றது.

ரஞ்சிதாவுக்குத் திக்கென்றது. முந்தைய நாள்தான் ஆலையில் தீத்தடுப்பு வகுப்பு நடந்திருந்தது. நெருப்பின் அருகே துணியா! இத்தனை பெரிய கடையில் ஒருவருக்குமா தோன்றவில்லை? யாரையும் கூப்பிட்டுக் குறை சொல்வது மரியாதையாகாது என்று எண்ணி, கொடியைத் தானே எடுத்து மேசையோரமாகச் சாய்த்து வைத்தாள். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தாள்.

காத்திருந்தாள்... காத்துக்கொண்டே இருந்தாள்...

கம்பிகளில் கோத்த கோழியும் மீனும் அன்னாசியும் மேசை மேசையாகப் போயின. சுமந்து நடந்தவர்களுக்கு நடுவே சீருடை இல்லாத ஒருவன் இருந்தான். முழங்கை வரை மடித்துவிட்ட நீலச் சட்டை. புகைக்குச் சற்றே சிவந்த பெரிய கண்கள். ஒரு மேசையில் “ஊட்டா ஆயித்தா சார்?” என்று கன்னடத்தில் சாப்பாட்டை விசாரித்தான், அடுத்த மேசையில் “இங்கா காவாலா அண்ணா?” என்று தெலுங்கில் இன்னும் எடுத்துக்கொள்ளச் சொல்லி உபசரித்தான். ரஞ்சிதாவின் மேசைக்கு அருகே வந்தபோது மட்டும் கொடியை ஒருமுறை பார்த்தான், அவளை ஒருமுறை பார்த்தான்... ஓசைப்படாமல் நகர்ந்துவிட்டான். கம்பியோடு நெருங்கி வந்த மணிவேலையும் கண்ணசைவாலேயே திருப்பி அனுப்பினான்.

அவள் முகம் சுருங்கிப் போனது. தனியாக வந்த பெண் என்பதாலா? நனைந்த சுடிதார் என்பதாலா? வயிறு கூவியது, தணலோ அவளைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டே சாம்பல் பூத்தது. கடைசியில் எழுந்துவிட்டாள். அந்த நீலச் சட்டைக்காரன் ஓடி வந்து கதவைத் திறந்துவிட்டான். அதோடு விட்டானா?

“எதுவா இருந்தாலும் சரியாப் போயிடும்ங்க...” என்றான், மிக மெல்லிய குரலில்.

பட்டினியும் போட்டுவிட்டு ஆறுதலும் சொல்கிறானே! என்ன மனிதன் இவன்?

அறைக்குத் திரும்பியதும் கைப்பேசியில் அந்தக் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் போட்டாள். தன் பெயரைக் காட்டாமல், கீழே எழுதினாள்: ‘மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு, தனியாக வரும் பெண்ணுக்குப் பரிமாறத் தங்களுக்கு மனமில்லை என்பதை அறிந்து வருந்துகிறேன். நன்றி, வணக்கம்.’

எழுதி முடித்த பிறகும் ஒன்று மட்டும் உறுத்தியது. ‘எதுவா இருந்தாலும்’ என்றானே... எது? எதைச் சொன்னான்?

அந்தக் கேள்வி அவளோடு ஷிப்ட் பஸ்ஸில் ஏறியது, இறங்கியது. பெங்களூரு நெடுஞ்சாலையோரத்தில் புதிதாகத் திறந்திருந்த கண்ணாடி மாளிகைக் கடைக்குப் போனபோதும் கூடவே வந்தது. அங்கே கறி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கோவிந்தன் சாரின் காது பாவம் என்று அதை விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை மாலை, பாகலூர் சாலையிலிருந்த மூன்றாவது கடைக்குச் சரிதாவும் வந்தாள். அவளுக்கு ஊர் பேரிகை. பேச்சு மூன்று மொழியிலும் பாயும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே வீட்டிலிருந்து அழைப்பு வர, “நீ ஸ்டார்ட் பண்ணு, எங்கம்மா லேசுல போனை வெக்காது” என்று வெளியே போய்விட்டாள்.

இங்கேயும் மேசையில் ஒரு கொடி, ஆனால் தகரக் கொடி. தகரம் எரியாது என்பதால் ரஞ்சிதா நிம்மதியாக விட்டுவிட்டாள். வந்தது வினை! கோழி வந்தது. இறால் வந்தது. காளான் வந்தது. மறுபடி கோழி வந்தது. ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சம். “ரொம்ப நன்றிங்க” என்று சொல்லிச் சொல்லியே வாங்கிக்கொண்டாள். தட்டில் குன்று எழுந்தது. மூச்சு முட்டியது.

“மேடம், அந்தக் கொடியைச் சாச்சுடுங்க. இல்லாட்டி விடிய விடிய வெச்சுட்டே இருப்பாங்க!”

பக்கத்து மேசையிலிருந்து ஒரு கை நீண்டு கொடியைப் படுக்க வைத்தது. நிமிர்ந்தாள். அதே சிவந்த கண்கள்!

“கொடி நின்னா இன்னும் கொண்டாங்கன்னு அர்த்தம்ங்க. சாச்சு வெச்சா போதும், தொந்தரவு பண்ணாதீங்கன்னு அர்த்தம். எல்லா பார்பிக்யூ கடையிலும் அப்பிடித்தான்” என்றவன், தயக்கத்தோடு சிரித்தான். “நீங்க மறந்துட்டீங்க போல. எங்க கடையில அன்னிக்கு நீங்களேதான சாச்சு வெச்சீங்க?”

ரஞ்சிதாவின் கையிலிருந்த முள்கரண்டி தட்டில் விழுந்தது.

“என் பேரு மாதேஸ்வரன்ங்க. தணல் மேசையில எல்லாத்தையும் பாத்துக்கறது நான்தான். அன்னிக்கு நீங்க வந்ததும் கொடியைச் சாச்சுட்டு, நெருப்பையே பாத்துட்டு இருந்தீங்க. சாப்பிட வரல... மனசு சரியில்லாம உக்கார வந்திருக்காங்கன்னு நெனச்சேன். யாரும் கிட்டப் போகாதீங்கடான்னு பசங்களுக்குச் சொல்லிட்டேன்.”

எது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

“நீங்க... இந்தக் கடையில எப்படி?” என்று எதையோ கேட்டு வைத்தாள்.

“வேலை கேக்க வந்தேன்ங்க. இல்லேன்னுட்டாங்க. சரி, சாப்பிட்டாவது போலாம்னு உக்காந்தேன்.” அவன் குரல் தாழ்ந்தது. “எங்க கடை மாமாவுது. யாரோ ஒரு லேடி, தனியா வந்ததுக்குச் சோறு போடலன்னு ஒத்த ஸ்டார் போட்டுட்டாங்க. நல்லாப் படிச்சவங்க போல... கடைசியில நன்றி, வணக்கமெல்லாம் வேற! மாமா மணிவேலைத்தான் நிறுத்தறேன்னாரு. எது நடந்தாலும் நான்தான் பொறுப்புன்னேன். அப்ப நீயே நம்ம ஊரு நாட்றாம்பாளையத்துக்குப் போய்க் காடு கழனியைப் பாருன்னுட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமையோட கணக்கு முடிஞ்சுதுங்க.”

“யாரு... எழுதினதுன்னு தெரியலையா?”

“தனியா வந்த லேடிஸ் எல்லாரையும் நெனச்சுப் பாத்தேன்ங்க. உங்களைத் தவிர. நீங்கதான் சாப்பிடவே வரலியே!”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனால் அந்தக் கண்களில் அவள்மேல் இருந்த கரிசனம்... உண்மையைச் சொன்ன அடுத்த நொடி அது அணைந்துவிடுமே! அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் சரிதா திரும்பி வர, அவன் எழுந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு மழைக்குள் போய்விட்டான்.

“யாருடி அது? போற போக்கே ஒரு மாதிரி கீது!” என்றாள் சரிதா.

முழுக்கதையையும் கேட்டபின் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள், தோழியின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்து நிறுத்தினாள். “அந்த ஸ்டாரை அழிச்சுடு. முடிஞ்சுது!”

“ஏட்டி, அழிச்சா மட்டும் போதுமா? அவன் கெஞ்சி அழிக்க வச்சான்னுதான அவங்க மாமா நினைப்பாரு. நேர்ல போயிதான் சொல்லணும்.”

“நேர்ல சொன்னா அவன் உன்ன மூஞ்சி குடுத்துப் பேசுவானா?”

அந்த ஒன்றுதான் ரஞ்சிதாவுக்கும் பயம்...

ஞாயிற்றுக்கிழமையும் அதே மழை. தணல் மேசையின் கல்லாவில் மாமா விஜயகுமார் அமர்ந்திருந்தார். ரஞ்சிதா அவர்முன் நின்று, ஒப்பிக்கும் பள்ளிப் பிள்ளைபோல ஆரம்பித்தாள்.

“ஐயா, தயவுசெய்து மன்னிக்கணும். அந்த ஒரு ஸ்டார் போட்டது நான்தான். இவங்க யாரும் எனக்குச் சோறு போட மறுக்கல. கொடியைச் சாய்ச்சு வச்சது நான். துணி... தீப்பிடிச்சுரும்னு பயந்து...”

“என்னாது, தீப்பிடிச்சுரும்னா!” அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “மணிவேலு, இங்க வாடா! கொடி தீப்பிடிச்சுருமாம்! அடடா... டேய் மாதேசா, ஊருக்கு ஒண்ணும் போவ வேணாம். நாளைக்கும் வந்து சேரு!”

ரஞ்சிதா திரும்பினாள். கையில் கம்பிகளோடு மாதேஸ்வரன் பின்னாலேயே நின்றிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். அவன் சிரிக்கவில்லை.

“அன்னிக்குப் பக்கத்துலதான உக்காந்திருந்தேன். அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் நடந்தான்.

“கண்ணு, இன்னிக்காவது சாப்பிட்டுட்டுப் போ” என்றார் மாமா. அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றவள், அதே மேசையில் போய் அமர்ந்தாள். அதே மஞ்சள் கொடி. இந்த முறை அதைத் தொடவில்லை. அது நிமிர்ந்தே நின்றது.

அவன்தான் வந்தான். முகத்தைப் பாராமல் கோழியை வைத்தான், போனான். அவள் சாப்பிட்டாள். மீனை வைத்தான், போனான். அவள் சாப்பிட்டாள். காளான், அன்னாசி, உருளைக்கிழங்கு... கோபமாக வைக்க வைக்க, அவளும் பிடிவாதமாக விழுங்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்து மேசைகளில் கொடிகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. ரஞ்சிதாவின் நெற்றியில் வியர்வை பூத்தது. மூச்சு வாங்கியது. கொடி மட்டும் சாயவில்லை.

கடைசியில் அவனால் பொறுக்க முடியவில்லை.

“போதும்ங்க! வயித்துக்கு ஆவாது. எதுக்கு இந்த ரோஷம்?”

“ரோஷமெல்லாம் இல்லீங்க...”

“இல்லாம என்ன? உங்களுக்கு என்ன துக்கமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல தெரியுங்களா? பேரு தெரியாது, ஊரு தெரியாது... மறுநாளே மலைக்கோயிலுக்குப் போயி, அந்தப் பொண்ணுக்கு எல்லாம் சரியாவணும்னு விளக்குப் போட்டுட்டு வந்தேன். நான் உங்களுக்கு விளக்குப் போட்டா, நீங்க எனக்கு ஒத்த ஸ்டார் போட்டிருக்கீங்க!”

ரஞ்சிதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. பெயர்கூடத் தெரியாத தனக்காக, இந்த ஊரில் ஒருவன் மலையேறியிருக்கிறான்...

“அன்னிக்கு எனக்கு எந்தத் துக்கமும் இல்லீங்க. பசி மட்டுந்தான். துக்கம்... வியாழக்கிழமையில இருந்துதான்.”

அவன் கண்கள் முதன்முறையாக அவள் கண்களில் வந்து நின்றன. கோபம் எங்கேயோ வழிதவறிப் போயிருந்தது.

“சரிங்க. வயிறு ரொம்பிருச்சில்ல? அப்ப கொடியைச் சாய்க்க வேண்டியதுதான?”

“வயிறு எப்பவோ ரொம்பிருச்சு” என்றாள். அதற்குமேல், கட்டிக் காத்த மரியாதைப் பேச்செல்லாம் கைவிட்டுப் போய், கோவில்பட்டித் தமிழ் தானாக நாவில் ஏறியது. “கொடியச் சாச்சுட்டா... அப்புறம் நீங்க வரமாட்டீங்கல்லா?”

சொல்லிவிட்டு முகத்தை இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். வெளியே மழை திடீரென்று வலுத்தது. அல்லது, உள்ளே எல்லாம் அத்தனை அமைதியாகிவிட்டதோ...

நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது. விரலிடுக்கில் பார்த்தாள். எதிரில் அமர்ந்திருந்தான் மாதேஸ்வரன். காது மடல் தணலைவிடச் சிவந்திருந்தது. நிற்கும் கொடியைப் பார்த்துவிட்டு மணிவேல் கம்பியோடு விரைந்து வர, “யோவ் மணி, நீ போய்யா!” என்று விரட்டினான்.

பிறகு அந்த மஞ்சள் கொடியைக் கையில் எடுத்தான். மடித்துத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

“இனிமே நமக்குள்ள இது வேணாங்க. கொடி நின்னாலும், சாஞ்சாலும்... நான் வருவேன்.”

அவள் தலை குனிந்தபடியே, மிக மிக மரியாதையாக, “சரிங்க” என்றாள்.