மூச்சு நின்றால் மணியடிக்கும்!

"ஆத்தே...!"

திராட்சைத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வந்த மலையம்மாள் போட்ட அலறலில், பந்தல் மேலிருந்த குருவிகள் மொத்தமாய் எழும்பிப் பறந்தன.

பந்தலை ஒட்டியிருந்த கேபிள் கம்பத்தின் அடியில் விஜய்ராஜ் மல்லாந்து கிடந்தான்.

பக்கத்தில் ஏணி கவிழ்ந்திருந்தது. பின்மண்டை பிளந்து, வழிந்த ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. அறுந்துபோன இன்டர்நெட் கேபிள் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. கண்கள் திறந்தே இருந்தன.

ஒரு கண்ணில் எறும்பு!

கால்களில் பழுப்பு நிறச் செருப்பு. செருப்பு முடிந்த பிறகும் குதிகால் முடியாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"கேபிள்காரப் பய மேடம். 'கௌமாரி நெட்'ல வேலை. ஏணியில இருந்து தவறி விழுந்துட்டான் போல..." என்றார் ஏட்டு.

இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமி குனிந்து பார்த்தாள்.

"மண்டை ஒடஞ்சிருக்கு. ஏணி சாஞ்சிருக்கு. கேபிள் அறுந்திருக்கு. செருப்பு மட்டும் அசையாமக் கால்லயே இருக்கே, அது எப்படி?"

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"செருப்பு மாட்டிக்கிட்டு ஏணியில ஏறுற லைன்மேனை எங்கயாச்சும் பாத்திருக்கீகளா? எவனோ வேற எடத்துல அடிச்சுக் கொன்னு, இங்கன கொண்டாந்து போட்டிருக்கான்!"

"அப்ப... கொலையா மேடம்?"

"பின்ன என்ன, காது குத்தா?"

-----

பாஜிலா ஸ்டேஷனுக்குள் ஓடி வந்தபோது, அவள் தம்பி தௌபீக் ஜட்டியோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். உதடு கிழிந்து வீங்கியிருந்தது.

"அக்கா... அடிச்சேன்கா. ஆனா கொல்லலக்கா!"

"வாய மூட்றா!" என்று ஏட்டு லத்தியை ஓங்கினார். "முந்தாநேத்து டீக்கடையில வச்சு, 'ஒன் மண்டைய ஒடைக்காம விட மாட்டேன்'னு விஜய்ராஜ் சட்டையப் புடிச்சவன்தானலே நீ?"

"அது கிரிக்கெட்டுல அவுட்டுக்கு நடந்த சண்டை சார்!"

பாஜிலா தம்பியின் முன்னால் போய் நின்றாள். உத்தமபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே மில்லுகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் லினக்ஸ் சர்வர் அமைத்துக் கொடுப்பவள் அவள். எதையும் மூன்று முறை சரி பார்ப்பாள். பார்த்த பிறகும், சரியாகத்தான் பார்த்தோமா என்று சந்தேகப்படுவாள்.

இப்போது ஒன்றில் மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லை. தம்பி கொல்லவில்லை!

"மேடம்... செத்துப் போன விஜய்ராஜ் நேத்து மத்தியானம் எனக்கு போன் பண்ணான்."

ஜோதிலட்சுமி நிமிர்ந்தாள். "என்ன சொன்னான்?"

"'யக்கா, எங்க சர்வர் வழியா யாரோ எதையோ வெளியூருக்குக் கொட்டிக்கிட்டே இருக்காக. மானிட்டரிங் சாப்ட்வேர் ஏத்துனா எந்த வயருல போகுதுன்னு தெரிஞ்சிரும். இன்னைக்கு சாயங்காலமே ஏத்திப்புடுறேன்'னான்."

"ஏத்துனானா?"

"ஏத்த விடலயே மேடம்..."

"அந்தச் சாப்ட்வேர் என்னதான் செய்யும்? எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு."

"நெட்வொர்க்குல இருக்குற ஒவ்வொரு பெட்டியையும் ஒவ்வொரு வயரையும் கவனிச்சுக்கிட்டே இருக்கும். எது எவ்வளவு அனுப்புது, எது பேச்சு மூச்சில்லாமக் கெடக்குன்னு படம் போட்டுக் காட்டும்."

"நம்ம ஏட்டையா பாரா பாக்குற மாதிரியா?"

"இது தூங்காது மேடம்."

ஏட்டு முறைத்தார்.

"நான் போயி ஏத்துறேன் மேடம். கொன்னவன் யாருன்னு அந்த வயரே காட்டிக் குடுக்கும். அதுவரைக்கும் எந்தம்பிய அடிக்காதீக..."

"பயமா இல்லையா ஒனக்கு?"

"பயமாத்தான் இருக்கு மேடம். ஆனா அவன் என் தம்பி."

ஜோதிலட்சுமி தன் நம்பரைக் கொடுத்தாள். "அந்த ஆபீசுக்கு எதுத்த டீக்கடையில நான் இருப்பேன். ஏதாச்சும்னா ஒரு போன் அடி."

"போன் அடிக்க முடியாத நெலமையில நான் இருந்தா...?"

இன்ஸ்பெக்டர் ஜீப் சாவியை எடுத்தாள்.

பாஜிலா யோசித்தாள். "சரி மேடம். அதுக்கும் ஒரு ஏற்பாடு பண்ணிக்கிறேன்."

-----

கம்பம் டவுனில் 'கௌமாரி நெட்' ஆபீஸ். வாசலில் முதலாளி தங்கபாண்டி தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். கையில் வீச்சரிவாள் மாதிரி ஒரு வெட்டரிவாள்.

"எவ அவ? சர்வர் ரூமுக்குள்ள ஒருத்தியும் போகக்கூடாது! கொலைகாரப் பய அக்காளுக்கு இங்கன என்ன வேல?"

அரிவாள் அவள் முகத்துக்கு நேராய் வந்து நின்றது. பாஜிலாவின் முதுகில் வியர்வை கோடு போட்டது.

"இன்ஸ்பெக்டர் மேடம்தான் அனுப்புனாக..."

"அவுக அனுப்புனா? வெட்டிப் போட்டுருவேன்!"

"விடுங்க மொதலாளி..."

டப்... டப்... டப்...

செருப்புச் சத்தத்தோடு உள்ளேயிருந்து வந்தார் மேனேஜர் ஒச்சாண்டி. குள்ளமான உருவம். நெற்றி நிறைய விபூதி. முகம் நிறையக் கனிவு.

"பாவம், கூடப்பொறந்தவனுக்காக வந்திருக்கு புள்ள. போலீசப் பகைச்சுக்கிட்டு நம்ம தொழில் பண்ண முடியுமா? நீ வா தாயி."

தங்கபாண்டி காறித் துப்பிவிட்டு மறுபடி தேங்காய் மீது பாய்ந்தார். மட்டை சிதறியது.

சர்வர் அறை வாசலில் 'காலணிகளை வெளியே விடவும்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே பழுப்பு நிறச் செருப்புகள் வரிசையாய்க் கிடந்தன. எல்லாம் ஒரே மாதிரி!

"எப்படிண்ணே அவுக அவுக செருப்பக் கண்டுபுடிப்பீக?"

ஒச்சாண்டி சிரித்தார். "மொதலாளியோட மச்சான் செருப்புக் கட வச்சிருக்காக. தீவாளிக்கு எல்லாருக்கும் ஒண்ணு போல குடுத்துட்டாக. உள்ள போ தாயி. காப்பி அனுப்புறேன்."

உள்ளே பினாயில் நெடி மூக்கைக் குத்தியது. புதிதாய்க் கழுவியிருந்தார்கள். சர்வர் ரேக்குக்கு மேலே சுவரில் வீரபாண்டி கௌமாரியம்மன் படம். அன்றைக்குத் தொடுத்த மல்லிகைச் சரம்.

பாஜிலா உட்கார்ந்தாள்.

சர்வருக்குள் நுழைந்தாள். இருப்பதையெல்லாம் முதலில் அப்டேட் செய்தாள். மானிட்டரிங் சாப்ட்வேரை இறக்கி ஏற்றினாள். டேட்டாபேஸ், பாஸ்வேர்டு... ஒவ்வொரு வரியையும் உதட்டுக்குள் வாசித்த பிறகே என்டர் தட்டினாள். சிவப்பில் ஒரு பிழை வந்தது. தப்பு அவளுடையதுதான். ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது.

'அவசரப்படாதே பாஜிலா...'

கடைசியாய், இன்ஸ்பெக்டரிடம் சொன்ன அந்த ஏற்பாடு. உத்தமபாளையத்தில் அவள் வீட்டில் ஓடும் பழைய மெஷினுக்குள் இங்கிருந்தே நுழைந்தாள். இந்தக் கம்பம் சர்வரையும் கவனிக்கச் சொன்னாள். அதில் ஜோதிலட்சுமியின் நம்பரைப் போட்டு, சேமித்து, அந்த மெஷினிலிருந்து வெளியே வந்தாள்.

திரையில் வரைபடங்கள் மெல்ல விழிக்கத் தொடங்கின. எல்லாக் கோடுகளும் தரையோடு தரையாய் ஊர்ந்தன.

ஒன்றைத் தவிர!

அந்த ஒரு கோடு மட்டும் மலை மாதிரி செங்குத்தாய் ஏறியது.

சுவிட்ச் பெட்டியில் அந்த வயரைக் கண்டுபிடித்து விரலால் தொடர்ந்தாள். ரேக்குக்குப் பின்னால்... சுவரில்... மேலே...

சாமி படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது வயர்.

படத்தை நோக்கி நீண்ட கையைப் பாதியில் இழுத்துக்கொண்டாள். 'நாம தொட்டா எதுவும் நெனப்பாகளோ...?'

"ஒச்சாண்டிண்ணே! இங்கன கொஞ்சம் வாங்களேன்!"

டப்... டப்... டப்...

வாசலில் சத்தம் நின்றது. வெறுங்காலோடு உள்ளே வந்தார்.

"என்ன தாயி?"

"அந்தச் சாமி படத்தக் கொஞ்சம் எறக்கித் தர்றீகளா? பின்னாடி ஒரு வயர் போகுதுண்ணே."

"எறக்கிட்டாப் போச்சு."

திரும்பினார். படத்தின் பக்கம் அல்ல.

கதவின் பக்கம்!

தாழ்ப்பாள் விழுந்தது.

"தெனமும் பூ மாத்துறது நாந்தேன். வேற ஒருத்தனும் அதத் தொட மாட்டான். நேத்து விஜய்ராஜ் தொட்டான்..." குரலில் அதே கனிவு. கையில் மட்டும் ஒரு பெரிய ஸ்பேனர். "நீயும் மரியாதையாத்தேன் கேட்ட. என்ன செய்ய?"

"ப... படத்துக்குப் பின்னால என்னண்ணே?"

"சின்னப் பெட்டி. நம்ம லைனுல கேமரா மாட்டியிருக்காகல்ல, அந்த வீட்டுக்குள்ள நடக்குறதெல்லாம் அது வழியா வெளிநாட்டுக்குப் போகும். வாங்குறதுக்கு ஆளிருக்கு."

பாஜிலா பின்னால் நகர்ந்தாள். "பண்ணைப்புரத்துல புதுசாக் கல்யாணமான பொண்ணு ஒண்ணு, வீடியோ வந்துருச்சுன்னு மருந்தக் குடிச்சுச்சே..."

"ஆத்தா விதிச்சது."

அவள் போனைப் பிடுங்கித் தரையில் போட்டு ஸ்பேனரால் அடித்தார். அடுத்து கட்டரை எடுத்து, சுவரிலிருந்து வந்த மெயின் கேபிளை ஒரே நறுக்கு!

சுவிட்சில் மினுக்கிய விளக்குகளில் பாதி செத்தன. மலை மாதிரி ஏறிய கோடு தரையில் விழுந்தது.

"இனி இந்த ரூமுல இருந்து ஒரு தகவலும் வெளிய போகாது. ஒன் சாப்ட்வேரு ஊமையாயிருச்சு தாயி."

பாஜிலாவின் நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டது. கேபிளை வெட்டியதற்காக அல்ல.

வீட்டு மெஷினில் இன்ஸ்பெக்டர் நம்பரைப் போட்டோம்... சேமித்தோம்... ஆனால் அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தோமா?

செய்யாவிட்டால் புது நம்பர் அதற்குத் தெரியாதே!

ஸ்பேனர் இறங்கியது. தலையைச் சாய்த்தாள். தோள்பட்டையில் எலும்பு நொறுங்கும் சத்தம்!

"அல்லா...!"

கீபோர்டைப் பிடுங்கி அவர் முகத்தில் வீசினாள். மூக்கு உடைந்து விபூதி மீது ரத்தம் தெறித்தது. அவர் அவள் தலையைப் பிடித்து ரேக்கின் இரும்பு முனையில் மோதினார். ஒருமுறை... இன்னொரு முறை... நெற்றி பிளந்து கண்ணுக்குள் ரத்தம் வழிந்தது. வெட்டிய கேபிள் கழுத்தில் சுற்றியது. இறுகியது.

கையைக் கடித்தாள். சதை பிய்ந்து வாயோடு வந்தது. ஒச்சாண்டி அலறினார். ஆனால் விடவில்லை.

'ரீஸ்டார்ட் செய்தோமா... செய்தோமா...'

பார்வை இருண்டது. கால்கள் தரையில் உதைத்து ஓய்ந்தன.

அப்போது...

தடார்!

கதவு பிளந்தது. பிளவு வழியே உள்ளே வந்தது ஒரு வெட்டரிவாள்!

தங்கபாண்டி!

அவருக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஜோதிலட்சுமி. "கையத் தூக்குய்யா! இல்ல, கையில ஓட்ட போட்டுருவேன்!"

கேபிள் தளர்ந்தது. பாஜிலா தரையில் விழுந்து, காற்றை அள்ளி அள்ளி விழுங்கினாள்.

"நீ... நீங்க எப்படி...?" ஒச்சாண்டி திணறினார். "நாந்தேன் வயர வெட்டிட்டேனே! தகவல் எப்படிப் போச்சு?"

ஜோதிலட்சுமி செல்போனைக் காட்டினாள்.

'கம்பம் சர்வர் பேச்சு மூச்சில்லை. உடனே பார்க்கவும்.'

"பாதி வடையோட ஓடி வந்தேன்யா."

பாஜிலா ரத்தம் துப்பினாள். குரல் கீச்சென்று வந்தது. "இங்கருந்து... போகலண்ணே. எங்க வீட்டு மெஷினு இந்தச் சர்வரைக் கூப்புட்டுக்கிட்டே இருக்கும். பதில் வந்தா சும்மா இருக்கும். பதில் நின்னாத்தான் மணியடிக்கும். நீங்க அத வெட்டாம விட்டிருந்தா... ஒரு சத்தமும் போயிருக்காது."

ரீஸ்டார்ட் செய்திருக்கிறோம்! எப்போது என்றுதான் அவளுக்கு இப்போதும் ஞாபகமில்லை.

"அடப்பாவி மேனேஜரே..." தங்கபாண்டி அரிவாளைக் கீழே இறக்கினார். "ஒன் பேச்சக் கேட்டு இந்தப் புள்ளையோட தம்பிதேன் கொன்னான்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்தேனே!"

ஒச்சாண்டி சட்டென்று முகத்தை மாற்றினார். "மேடம், பொய் மேடம்! பெட்டிய ஒளிச்சு வச்சது இந்தப் பொண்ணு! கையும் களவுமாப் புடிச்சேன்னு என்னைய அடிச்சா! விஜய்ராஜை நான் கொன்னேங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

ஜோதிலட்சுமி வெளியே போனாள். வாசலில் கடைசியாய்க் கிடந்த ஒரு ஜோடி பழுப்புச் செருப்பைக் கர்ச்சீப்பால் தூக்கி வந்தாள்.

"இப்ப வாசல்ல கழட்டிட்டு வந்தது இதுதானே?"

"ஆ... ஆமா."

"இது ஒம்பதாம் நம்பர். ஒங்க காலுக்கு ஏழே போதும். நடந்தா டப்பு டப்புன்னு அடிக்குது, டீக்கடை வரைக்கும் கேட்டுச்சு. அங்க பொணத்துக் கால்ல குதிகால் வெளிய நீட்டிக்கிட்டுக் கெடந்துச்சே, அது ஏழாம் நம்பர்."

ஒச்சாண்டி குனிந்து தன் பாதங்களைப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் அவன இதே ரூமுலதான் கொன்னிருக்கீக. ரெண்டு பேரும் வெறுங்காலு. அவன் செருப்பு வாசல்ல கெடந்தா மாட்டிக்குவோம்னு, பொணத்துக்கு மாட்டி விட்டீக. ஒரே மாதிரி ரெண்டு ஜோடி. அந்நேரம் ஊருல கரண்டும் இல்ல. ஒங்க செருப்ப அவனுக்குப் போட்டுட்டு, அவன் செருப்ப நீங்க போட்டுக்கிட்டீக!"

"காலையிலதேன் பாத்தேன்..." ஒச்சாண்டியின் குரல் உடைந்தது. "தூக்கிப் போட்டிருப்பேன். மொதலாளி, குடுத்த செருப்பு எங்கன்னு கேப்பாகளேன்னுதேன்..."

"கேட்டிருப்பேன்ல!" என்றார் தங்கபாண்டி.

"ஏன்யா, கொல பண்ண வரும்போது கூடவா செருப்பக் கழட்டிட்டு வருவீக?"

"உள்ள ஆத்தா படம் இருக்குல்ல மேடம்!"

விலங்கு பூட்டப்பட்டது.

"மேடம்... எந்தம்பி?" என்றாள் பாஜிலா.

"விடச் சொல்லிட்டேன்மா. மொதல்ல ஒனக்குத் தையல் போடணும். எந்திரி."

ஏட்டு ஒச்சாண்டியை வெளியே தள்ளினார். உச்சி வெயிலில் தார் ரோடு கொதித்துக்கொண்டிருந்தது. ஒற்றை அடி வைத்ததுமே துள்ளினார் ஒச்சாண்டி.

"மேடம்! காலு பொசுங்குது... அந்தச் செருப்ப மட்டும்..."

"அது கோர்ட்டுக்குப் போற சாட்சியில்ல?" என்றாள் ஜோதிலட்சுமி, மிச்ச வடையை வாயில் போட்டபடி. "ஜெயில் வரைக்கும் கோயில்னு நெனச்சு நடங்க!"